கடையரிசி வேகாத காம்பவுண்டு

மாசி பிறந்த வாரத்தில் மச்சக்காளை காம்பவுண்டில் கடையரிசி வேகாமல் போனது. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரிப் பேசினவர்களுக்கும் தெரியாது. உலை கொதித்தது, அரிசி சுழன்றது, மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்தது, காலையில் போட்ட அரிசியை மத்தியானம் அகப்பையில் அள்ளிப் பார்த்தால் அப்போதுதான் சாக்கிலிருந்து கொட்டின மாதிரி கலகலவென்று சத்தம் போட்டது. பருப்பும் அப்படியே. உருளைக்கிழங்கும் அப்படியே. தேயிலை வெந்நீரில் மிதந்ததே தவிர நிறம் இறங்கவில்லை.

மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கிறது எங்கள் காம்பவுண்டு. ஒரே வாசல், ஒரே அடிகுழாய், எதிரெதிரே ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடுகிற சந்து. ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவோம். இதில் எதை மறைக்க?

முதலில் காஸைச் சந்தேகப்பட்டோம். பிறகு தண்ணீரை. பிறகு தெருமுனை மளிகைக்கடை ஜெபமணி அண்ணாச்சியை.

“அண்ணாச்சி, கல்லையா எடை போட்டுக் குடுத்தீரு?” என்று சண்டைக்குப் போனாள் நூர்ஜகான். அவள் என் எதிர்வீடு. வாய் அதிகம்.

அண்ணாச்சி அதே மூட்டையிலிருந்து ஒரு படி அள்ளித் தன் வீட்டு அடுப்பில் ஏற்றினார். பூவாக மலர்ந்தது. “பாத்துக்கிடும். கோளாறு ஒங்க காம்பவுண்டுலல்லா இருக்கு,” என்றார்.

தெருவில் அடுப்பை வைத்துப் பார்த்தோம். எங்கள் கை பட்டால் அங்கேயும் வேகவில்லை. ஓட்டலில் உட்கார்ந்து தின்றால் இறங்கியது. பொட்டலம் கட்டி வாசலைத் தாண்டினால் இட்லி மாவாகி இலையில் வழிந்தது, பரோட்டா பிசைந்த உருண்டையாகச் சுருண்டது. அவல் வாங்கி வந்தவன் பையைப் பிரித்தால் உள்ளே உமியோடு நெல் இருந்தது. கோடாங்கிக்காரர் ஒருவர் வந்து உடுக்கடித்தார், சேவல் கேட்டார், சந்தையில் வாங்கி அறுத்துக் கொடுத்தோம், அந்தச் சேவலும் வேகவில்லை. உடுக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உப்பு மட்டும் வழக்கம்போல. உப்பு வேகவேண்டியதில்லை.

ஆனால் அடிகுழாய்ப் பக்கம் தானாக முளைத்த கீரை வெந்தது. என் வீட்டு முருங்கை வெந்தது. நூர்ஜகான் வீட்டுக் கோழி இட்ட முட்டை வெந்தது. ஆக, காசு கொடுத்து வாங்கினது வேகாது, அவ்வளவுதான் சங்கதி என்று அந்த மாதம் முடிவதற்குள் எல்லாருக்கும் புரிந்தது. இரண்டு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. மற்றவர்கள் செய்யவில்லை. இந்த வாடகைக்கு மதுரையில் கோழிக்கூடு கிடைக்குமா? சோறு வேகாத வீடு, ஒழுகுகிற வீடு, இரண்டில் ஒன்று என்றால் மனிதன் யோசிக்கத்தான் செய்வான்.

யோசிக்க வழியில்லாதவள் ஒச்சம்மா. கடைசி வீடு. லாரி ஓட்டின புருஷன் போன வருஷம் வடக்கே ஒரு மலைப்பாதையில் செத்துப்போனான். பாத்திரக்கடையில் வேலை. மூன்று பிள்ளைகள்: யோகேஸ்வரி, ஹரிஷ், கடைக்குட்டி மித்ரா. புருஷனுக்கு அண்ணன் ஒருவர், காசிமாயன் என்று பேர், உசிலம்பட்டிப் பக்கம் வயலும் ஆடுமாக இருக்கிறவர், பிள்ளையில்லாதவர். வேகாத சேதி காதில் விழுந்ததும் அவர் பஸ் ஏறி வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே சொன்னார்.

“கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தெறக்குறதுக்கு முன்னாடி வருவேன். பிள்ளைக வாடிக் கெடந்தா என்னோட கூட்டிட்டுப் போயிருவேன். என் தம்பி ரத்தம். பட்டினி போட விடமாட்டேன்.”

“வாடாது மாமா,” என்றாள் ஒச்சம்மா.

“சொல்லாத. காட்டு.”

அன்றிலிருந்து அவள் ஓடினாள். விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய்ப் பண்ணைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பறித்தாள், மார்க்கெட்டில் வண்டி இறக்குகிறவர்கள் உதறித் தள்ளின முட்டைக்கோஸ் மேலிலையையும் காலிஃபிளவர் தண்டையும் சேலை மடியில் அள்ளினாள், பழக்கடைக்காரன் வெட்டி எறிந்த தர்பூசணித் தோலின் வெள்ளையைச் சீவிக் கூட்டு வைத்தாள், சோழவந்தான் பக்கம் அறுப்பு மிஷின் போன வயலில் அதன் பின்னாலேயே குனிந்து போய்ச் சிந்தின கதிரைப் பொறுக்கினாள், பொறுக்கின நெல்லை நூர்ஜகான் வீட்டு உரலில் குத்தினாள், அரிசியைச் சோறாக்கினாள், வடித்த கஞ்சியைக் குடிக்கக் கொடுத்தாள், குருணையைக் கீரையோடு கிண்டினாள், தவிட்டை நூர்ஜகான் கோழிக்குப் போட்டாள், கோழி முட்டை போட்டால் கடைக்குட்டிக்கு ஒன்று வந்தது. ஒன்றும் வீணாகவில்லை. அவளைத் தவிர. அவள் கழுத்தெலும்பு நாளுக்கு நாள் வெளியே வந்தது.

மத்தியானம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவு இருந்தது. அது வாசலுக்கு வெளியே வெந்து வெளியே வயிற்றுக்குள் போய்விடும். கோடை விடுமுறை வரைக்கும் அந்தப் பயம் இல்லை.

நோன்பு தொடங்கினபோதுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. பள்ளிவாசலில் ஊற்றுகிற நோன்புக்கஞ்சியை நூர்ஜகான் தூக்குவாளியில் வாங்கி வந்தாள். வாசல் தாண்டினால் பச்சரிசியும் தண்ணீருமாகப் பிரியப்போகிறது என்று எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பிரியவில்லை. கஞ்சி கஞ்சியாகவே இருந்தது, ஆவி பறக்க, இஞ்சி வாசத்தோடு. வீட்டுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள்.

“சும்மா குடுத்தது வேகும்போல இருக்கே,” என்றேன்.

“அட, பெரியவருக்கு வாய் தெறந்திருச்சு,” என்றாள் அவள்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவோமா? கொடுத்தது வேகும் என்றால் கொடுக்க வைப்பது எப்படி என்று காம்பவுண்டே உட்கார்ந்து யோசித்தது. மதுரைக்காரனுக்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும். விசேஷம் வைப்பது. பங்குனியில் எங்கள் சந்தில் நடந்த விசேஷங்களை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. காது குத்தின பிள்ளைக்கு மறுபடி காது குத்தினார்கள். சடங்கு முடிந்து காலேஜ் போகிற பெண்ணுக்கு இரண்டாவது சடங்கு. அறுபது முடிந்தவர் அறுபது ஆகவில்லை என்று சத்தியம் செய்தார். வாசலை மறைத்து ஃப்ளெக்ஸ் கட்டி, மைக் செட் போட்டு, தாய்மாமன்மாரும் பங்காளிகளும் கொட்டுமேளத்தோடு அரிசி மூட்டையும் பருப்புமாகச் சீர் சுமந்து வந்தார்கள். நாங்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கி அண்டாவில் கொட்டினோம்.

பாதி வெந்தது. பாதி வேகவில்லை.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றை வாயில் போட்டுக் கல்லைத் துப்புகிற மாதிரித் துப்பினார்கள். நல்ல அரிசியும் வீணாகிறதே என்று அடுத்த விசேஷத்தில் மூட்டைக்கு ஒரு அண்டா வைத்தோம். எங்கள் ஊரில் சீரென்றால் செய்முறை. இன்று நான் உனக்கு ஒரு மூட்டை செய்தால், நாளை என் வீட்டு விசேஷத்துக்கு நீ ஒரு மூட்டையும் மேலே ஒரு பித்தளைப் பாத்திரமும் செய்யவேண்டும். மறந்தால் ஏழு தலைமுறைக்கும் பேச்சில்லை. திரும்பி வரும் என்று நினைத்து வைத்த அரிசி வேகவில்லை. நினைக்காமல் வைத்தது வெந்தது. அண்டா தனித்தனியாக இருந்ததால் யார் அரிசி எது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அப்புறம் என்ன? அக்காளும் தம்பியும் மைக் செட் முன்னால் வைத்தே சண்டை போட்டார்கள். கழுத்தில் தங்கச்சங்கிலியோடு மேளம் கொட்டி வந்த ஒரு மாமன் வேகாத அண்டாவைப் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமலே போனார். மூலையில் ஒண்டி நின்ற ஒரு சித்தியின் அரைப்படி அரிசி பொங்கி மூடியைத் தள்ளியது. அவள் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி ஒரு மூட்டையைச் சும்மா அனுப்பினார், வேகவில்லை, மறுபடி எங்களைக் கடைக்கு இழுக்கப் பார்த்தார், பாவம், யாபாரி. என் மகன் சென்னையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்தான். அதை விடுங்கள்.

சித்திரையில் விசேஷம் நின்றது. சொந்தக்காரர்கள் எங்கள் சந்தைக் கண்டால் அடுத்த தெரு வழியாகப் போனார்கள். அதைவிட மோசம், சந்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கொடுப்பதும் நின்றுவிட்டது. ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து அது அந்த வீட்டு வாசலில் பச்சைத் தண்ணீரானால்? வேகாது என்ற பயம் இல்லை. வேகாதது தெரிந்துவிடும் என்ற பயம். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் பொறுக்கினதை அவரவர் தின்றோம். தாளிக்கிற வாசமில்லை, தும்மல் இல்லை. நூர்ஜகான் மட்டும் முட்டையைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தாள். “வெந்தா வேகுது, வேகாட்டிப் போகுது, பச்சையா முழுங்கட்டும்,” என்பாள். அது ஒரு நாளும் வேகாமல் இருந்ததில்லை.

அப்போதுதான் கோடை விடுமுறை வந்தது. சத்துணவு நின்றது. மூன்று வயிறு, மூன்று வேளையும் ஒச்சம்மா தலையில்.

கீரை கருகியது. ஆற்றங்கரை வெடித்தது. பொறுக்க வயலில் கதிரில்லை. கண்மாய் வற்றுகிற மாதத்தில் எங்கள் சீமையில் ஒரு வழக்கம் உண்டு: கண்மாய் அழியப்போகிறது, மீன் பிடிக்க வரலாம் என்று ஊருக்கு ஊர் தண்டோரா போடுவார்கள், வெள்ளைத் துண்டை வீசினதும் சாதி சனம் பார்க்காமல் எல்லாரும் இடுப்பளவு சேற்றில் இறங்கலாம், பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டுக்குத்தான் கொண்டுபோகவேண்டும். விற்காத மீன், வாங்காத மீன். ஒச்சம்மா கேட்ட ஒவ்வொரு தண்டோராவுக்கும் போனாள். பஸ்ஸில் போனாள், பஸ் இல்லாத ஊருக்கு நடந்து போனாள், ஆம்பளைகள் மீன்கூடையை அமுக்குகிற இடத்தில் இவள் பழைய சேலையை வலையாகப் பிடித்து அயிரையும் கெளுத்தியும் அள்ளினாள், கெளுத்தி முள் கையைக் கிழித்தது, கிழிந்த கையோடு மீனை உப்புப் போட்டுக் கூரைமேல் காயவைத்துப் பூனைக்குக் காவலாக யோகேஸ்வரியை உட்கார வைத்தாள். தான் சாப்பிட்டாயிற்று என்று பிள்ளைகளிடம் சொன்னாள். சாப்பிடவில்லை. சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும்.

ஒரு நாள் அடிகுழாயடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி,” என்றேன்.

“எந்திரிக்கிறேன் அய்யா. செத்த நேரம்.”

“பேசாம அனுப்பிவை பிள்ளைகளை. அங்கன சோறாவது இருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். “அங்கன ஆடும் இருக்கு அய்யா. அவுக ஆடு மேய்க்கிறவனை மாசியிலேயே நிப்பாட்டிட்டாக. புது ஆளைச் சேக்கலை. ஏன் சேக்கலைன்னு எனக்குத் தெரியும்.” குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

பள்ளிக்கூடம் திறக்க நாலைந்து நாள் இருக்கும்போது காசிமாயன் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் அரிசி மூட்டை. இந்தத் தடவை உள்ளே வந்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாதக்கணக்கில் எங்கள் சந்துக்குள் யாரும் மூட்டையோடு வந்ததில்லை.

மூட்டையை இறக்கினார். மித்ராவைக் கூப்பிட்டுக் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ஹரிஷின் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.

“என்னத்தா, பிள்ளைக எலும்பா கெடக்குதுக?”

“வளர்ற பிள்ளைக மாமா.”

“மேல வளருது. அகலத்துல வளரலையே. சோறு வேகாத வீட்டுல வச்சு என்ன செய்யப்போற? துணிமணியக் கட்டு. மூணு மணி பஸ்ஸுக்குப் போகணும்.”

யோகேஸ்வரி அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். மித்ராவுக்கு ஒன்றும் புரியவில்லை, பெரியப்பாவின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி மாமா,” என்றாள் ஒச்சம்மா. “இந்த மூட்டை?”

“என் வயல்ல வெளைஞ்சது. வெறுங்கையோட வருவேனா? நீ வச்சுத் தின்னு.”

“எனக்குக் குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு.”

“அப்ப இதைப் பொங்குறேன். பிள்ளைக சாப்புட்டுக் கெளம்பட்டும்.”

“வேகாதும்பாகளே?”

“நீங்க குடுத்தது வேகுமா வேகாதா, நீங்கதான் சொல்லணும்.”

“என் அரிசி வேகாதா? வை உலையை,” என்றார் அவர். எல்லாக் கதவிலும் ஆள் நின்றது. பின்வாங்க அவருக்கு இடமில்லை.

அவள் உலை வைத்தாள். அரிசியைக் களைந்து போட்டாள். அடுப்பைத் தன் வீட்டு வாசலுக்கே இழுத்து வைத்திருந்தாள், எல்லாரும் பார்க்கும்படி. பிறகு நிமிர்ந்து நின்று, கிழிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“வெந்துச்சுன்னா, இந்த வீட்டுல அரிசி வேகுதுன்னு ஆகிப்போச்சு மாமா. அப்புறம் பிள்ளைகளை எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்?”

காசிமாயன் பார்த்தார். “வேகலைன்னா?”

“வேகலைன்னா நீங்க குடுக்கலை. எதுக்கோ ஈடா எறக்கி வச்சிருக்கீக. அப்படி இருக்குற ஆளுகிட்ட எப்படிப் பிள்ளைகளை விடுவேன்?”

நூர்ஜகான் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

“கட்டிப் போட்டுட்டியே,” என்றார் காசிமாயன். முகம் கறுத்துவிட்டது. மூட்டையைத் திரும்ப எடுப்பார், உலையை எட்டி உதைப்பார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவரைத் தடுக்க என்னிடம் ஒரு கைத்தடி இருந்தது, அதுவும் எனக்கு நிற்கத் தேவைப்பட்டது. அவர் எடுக்கவில்லை. அடுப்புக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

உலை கொதித்தது. அரிசி சுழன்றது. மேலே வந்தது, கீழே போனது. ஒச்சம்மா ஒரு பருக்கையை எடுத்து நீட்டினாள். அவரே நசுக்கிப் பார்த்தார். மேலே மெத்தென்றிருந்தது. உள்ளே ஊசி முனை மாதிரி கல். நாங்கள் இதுவரை வெந்ததைப் பார்த்திருந்தோம், வேகாததைப் பார்த்திருந்தோம், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“பாதி,” என்றார், தனக்கே சொல்கிற மாதிரி.

“பாதி வெந்ததே பெருசு,” என்றாள் நூர்ஜகான். “எங்க மாமன் பொன்னையும் பொருளையும் வச்சாரு, கால்வாசிகூட வேகலை.”

“தண்ணி ஊத்துறேன். இருங்க மாமா,” என்றாள் ஒச்சம்மா.

மித்ரா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “பெரியப்பா, ஒங்க வீட்டுல ஆடு எத்தனை இருக்கு?”

“நெறைய.”

“யாரு மேய்க்கிறா?”

அவர் கண் ஹரிஷ் பக்கம் போனது. போனதை எல்லாரும் பார்த்தோம். உலை சட்டென்று அடங்கியது. தீ எரிகிறது, தண்ணீர் மட்டும் குளத்துத் தண்ணீர் மாதிரி நிற்கிறது.

“பையன் மட்டும் வரட்டும்,” என்றார் அவசரமாக. “பொட்டப்பிள்ளைக ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும். அவனுக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டேன்.” உலையில் ஒரு குமிழிகூட வரவில்லை. கொடுக்க ஒரு வார்த்தை, மறுக்க ஒரு வார்த்தை, இரண்டுமே ஒச்சம்மாவிடம் தீர்ந்துபோயிருந்தன.

மூணு மணி பஸ் போயிருக்கும். ஒருவரும் நகரவில்லை. வெயில் சுவரில் ஏறியது. காசிமாயன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பைப் பார்த்தார். அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற கழுத்தெலும்பையும் கிழிந்த கையையும் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“நீ எப்ப சாப்புட்ட?” என்றார்.

“ஆச்சு மாமா.”

“எப்பன்னு கேட்டேன்.”

யோகேஸ்வரிதான் சொன்னாள். “நேத்தும் இல்லை பெரியப்பா. முந்தாநேத்து மீன்தலை.”

அவர் தொண்டையைச் செருமினார். எரிச்சலோடுதான் பேசினார், அன்பாகப் பேச அந்த ஆளுக்கு வராது. “அடுத்த வெள்ளாமையில இன்னொரு மூட்டை கொண்டாந்து போடுறேன்.”

உலை அசையவில்லை.

“எதுக்கு மாமா?” என்றாள் ஒச்சம்மா. பயந்து கேட்டாள்.

“எதுக்குன்னா?” அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “இதென்ன கேள்வி? திங்கத்தான். நீயும் திங்க.”

முதலில் ஓரத்தில் ஒரு குமிழி. பிறகு நடுவில். பிறகு உலை நுரைத்துப் பொங்கி, விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பில் சீறி, புதுநெல் வாசம் சந்து முழுக்க அடித்து, திறந்த கதவுகளுக்குள் எல்லாம் புகுந்தது. நாங்கள் வாசலில் நின்றபடி எச்சில் விழுங்கினோம். ஒச்சம்மா நகரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

காசிமாயன் அகப்பையை வாங்கிக் கொதிக்கிற உலைக்குள் விட்டு ஒரு பருக்கையை எடுத்தார். நசுக்கினார். மாவாக நசுங்கியது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பையனையும் பார்க்கவில்லை, பஸ் போன திசையையும் பார்க்கவில்லை.

“என்ன மசமசன்னு நிக்கிற?” என்றார். “வடி. கொழையப்போகுது.”